‘ரெட்ரோ’ கிராப்பும் மழிக்கப்பட்ட வரலாறும்

பழைய சிகையலங்காரங்கள் பெங்களூருவில் மீண்டு வந்துவிட்டன என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே கேட்கிறது. எழுபதுகளின் ஸ்டெப் கட்டிங், எண்பதுகளின் பிடரிமுடி, பாதிக் கன்னம்வரை இறங்கும் கிருதா, ஆண்களின் உச்சிக்கொண்டை, மணப்பெண்ணுக்கு மல்லிகை மொட்டு வைத்துத் தைத்த நீள்பின்னல் என எல்லாமே இந்திராநகர், கோரமங்களா வட்டாரத்து அழகு நிலையங்களில் ஒரே பெயர்ப்பலகையின்கீழ் விற்பனைக்கு வந்துள்ளன. அந்தப் பலகையில் உள்ள சொல் ‘ரெட்ரோ’. 2025 மே முதல் நாளில் வெளியான தமிழ்ப்படம் ஒன்றுக்கு அச்சொல்லே தலைப்பும் ஆயிற்று. கல்விப்புலமும் பின்தங்கிவிடவில்லை. ‘ஏக்கத்தின் அழகியல்’, ‘நினைவின் மீள்வருகை’ போன்ற தலைப்புகளில் கருத்தரங்கக் கட்டுரைகள் பெருகியுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அழகு நிலையத்தின் விளம்பரத் தாளைக் கோட்பாட்டு மொழியில் பெயர்த்தெழுதியவை என்று சொன்னால் அது மிகையாகாது.

‘மீண்டு வந்தது’ என்ற கூற்றே முதலில் பிழை. போனதுதான் மீளும். இந்தச் சிகைகள் எங்கும் போய்விடவில்லை. சிலருடைய தலைகளில் அவை தொடர்ந்து இருந்தன. அந்தத் தலைகள்மீது ‘பொறுக்கி’, ‘ரவுடி’, ‘நாட்டுப்புறம்’ என்ற தீர்ப்புகள் ஏற்றப்பட்டிருந்தன, அவ்வளவே. இன்று அதே முடி வேறு தலைகளில் ஏறியதும் தீர்ப்பு விலக்கிக்கொள்ளப்படுகிறது. ஆனால் எல்லாத் தலைகளுக்கும் அது விலக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டைக் காணாத எந்த ஆய்வும் சிகையைப் பற்றிய ஆய்வாகாது.

பிடரிமுடியையே எடுத்துக்கொள்ளலாம். முன்னும் பக்கங்களிலும் குறுக வெட்டிப் பிடரியில் மட்டும் நீள விடுவது இதன் அமைப்பு. எண்பதுகளின் தமிழ் ஊர்களில் இதைப் ‘பங்க்’ என்றார்கள். பங்க் வளர்த்த பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்கிய வீடுகள் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு இன்று வழங்கும் ‘மல்லெட்’ என்ற பெயர் அந்தச் சிகையைவிட வயதில் இளையது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மேலைநாட்டுப் பாடகர்களும் விளையாட்டு வீரர்களும் அதை வைத்திருந்தபோது அதற்கு இப்பெயர் இல்லை. 1994இல் பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாடல் ஒன்றே இதைப் பரப்பியது, அதுவும் கேலிப்பெயராக. அதற்குள் அம்முடி நகரத்து நடுத்தர வகுப்பினரை விட்டு அகன்று, உழைக்கும் மக்களின் அடையாளமாகச் சுருங்கியிருந்தது. பெயரிட்டவர்கள் ஒரு வகுப்பினர், பெயருக்கு ஆளானவர்கள் வேறு வகுப்பினர். கொரோனா ஊரடங்கையொட்டி அதே முடி உலகெங்கும் பரவியபோது, கேலி மட்டும் களையப்பட்டுப் பெயர் தங்கிவிட்டது. நாகரிகம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழல்கிறது என்று பாடநூல் வாய்பாட்டை ஒப்பிப்போர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். சுழலும் சக்கரத்தில் அமர்ந்திருப்போர் யார், அதன் அடியில் அரைபடுவோர் யார் என்று அந்த வாய்பாடு கேட்பதில்லை.

பெங்களூருவில் இக்கேள்விக்கு மிகத் தெளிவான சான்றாக நிற்பது கோலார் தங்கவயல். 2018 டிசம்பரில் கே.ஜி.எஃப். திரைப்படத்தின் முதல் பாகமும், 2022 ஏப்ரலில் இரண்டாம் பாகமும் வெளிவந்தன. எழுபதுகளையும் எண்பதுகளின் தொடக்கத்தையும் களமாகக் கொண்ட அப்படத்தின் நாயகனுடைய நீள்முடியும் அடர்தாடியும் கர்நாடகம் முழுவதும், அதைத் தாண்டியும், முடிதிருத்தகங்களின் சுவர்ப்படங்களாயின. படத்தைக் காட்டி அதுபோல் வெட்டச் சொல்லும் இளைஞர்கள் பெங்களூருவில் இன்றும் உண்டு. ‘எழுபதுகளின் தங்கவயல் தோற்றம்’ என்று அது புகழப்படுகிறது. அந்த எழுபதுகளில் உண்மையான தங்கவயலில் வாழ்ந்தவர்கள் எவர் என்பதைப் புகழ்வோர் கேட்பதில்லை.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் அங்கே இறங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் அதை ஒட்டிய மாவட்டங்களிலிருந்தும் வந்து நிலத்தடிக்குச் சென்றவர்களில் பெரும்பான்மையோர் தமிழ் பேசும் தலித் மக்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்வரை சென்றது. 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இழுத்து வரப்பட்டது. ஆனால் அது வந்தது இயந்திரங்களுக்காக. இந்தியாவில் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் முதன்முதலில் பதிவானது இந்த வயலில்தான், 1934இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1930இல், கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தங்கள் உடலைக் குற்றவாளியின் உடலாக அடையாளப்படுத்த மறுத்த போராட்டம் அது. வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் அதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அம்மக்கள் தங்கத்தை மட்டும் தோண்டிக்கொண்டிருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழை, அவருடைய மறைவுக்குப் பின்னர், 1926 முதல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தினார். சித்தார்த்த புத்தகசாலை அங்கிருந்து நூல்களை வெளியிட்டது. அச்சகமும் சங்கமும் படிப்பகமும் வேலைநிறுத்தமும் கண்ட ஊர் அது. திரையில் தோன்றும் தங்கவயலிலோ கரிபூசிய, பெயரற்ற, மீட்பனுக்காகக் காத்திருக்கும் திரளைத் தவிர வேறு மக்கள் இல்லை. மீட்பன் பம்பாயிலிருந்து வருகிறான், சீவிய முடியோடு. திரளின் தலைமுடியை எந்த இளைஞனும் முடிதிருத்தகத்தில் படம் காட்டிக் கேட்பதில்லை. புனைவுக்கு வரலாற்றோடு ஒத்துப்போகும் கடமை இல்லை என்ற வாதம் சரிதான். வணிகப் படத்தைப் பாடநூலாகக் கொள்ளவும் வேண்டியதில்லை. ஆனால் அதே புனைவிலிருந்து எடுத்த முடியை ‘அக்காலத் தோற்றம்’ என்று பெயரிட்டு விற்கும்போது அது புனைவின் எல்லையைத் தாண்டி வரலாற்றுக் கூற்றாகிவிடுகிறது. 2024 ஆகஸ்டில் பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ அதே மண்ணுக்கு வேறொரு தலைமுடியைக் கொடுத்தது. சிக்குப்பிடித்த, எண்ணெய் காணாத, நிலத்தில் உழைத்த தலைமுடி. அது எந்த அழகு நிலையத்தின் அட்டவணையிலும் ஏறியதாகத் தெரியவில்லை. படங்களின் தரத்தை இங்கு எடைபோடவில்லை. ஒரே மண்ணைப் பற்றிய இரு படங்களில் எந்தச் சிகை நாகரிகமாயிற்று, எது ஆகவில்லை என்பதே கவனத்துக்குரியது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அந்தத் தொழிலாளர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் விடியற்காலை ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து, பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறார்கள். காவலாளிகளாக, கடைப் பணியாளர்களாக, அலுவலக உதவியாளர்களாக, கணினித் துறை ஊழியர்களாகவும். அவர்களில் ஓர் இளைஞன் பிடரியில் முடி வளர்த்து இந்திராநகர் வணிக வளாகத்தின் வாயிலில் நின்றால் அவன் ‘ரெட்ரோ’ அல்லன். அவனைக் காவலுக்கு அமர்த்திய நிறுவனத்தின் மேற்பார்வையாளர் முதலில் அந்த முடியைத்தான் வெட்டிவிட்டு வரச் சொல்வார்.

காவல்துறையின் பார்வையும் இதில் அடங்கும். பெங்களூருவில் ரவுடிப் பட்டியலில் இருப்போரை வரிசையாக நிறுத்தி எச்சரிக்கும் ‘பரேட்’ கன்னடத் தொலைக்காட்சிகளுக்குப் பிடித்தமான காட்சி. நீள்முடியும் தாடியும் முறுக்கு மீசையும் அங்கே அதட்டலுக்குரிய குற்றச் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. அதே தொலைக்காட்சி, அதே மாலையில், அதே முடியோடு வரும் நடிகரைக் கொண்டாடுகிறது. முடியில் வேறுபாடில்லை, அதைத் தாங்குபவரின் முகவரியில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இது இன்னும் அப்பட்டம். ‘பாக்ஸ் கட்டிங்’, ‘ஒன்சைடு’, ‘வி கட்டிங்’, ‘ஸ்பைக்’ ஆகியவற்றை மாணவர்களுக்கு வெட்ட வேண்டாம் என்று தலைமையாசிரியர்கள் உள்ளூர் முடிதிருத்தகங்களுக்கு வேண்டுகோள் விடுத்த செய்திகள் நாளேடுகளில் வந்துள்ளன. ஆசிரியரே கத்தரிக்கோலை எடுத்த நிகழ்வுகளும் உண்டு. சென்னையில் இந்தச் சிகைகளுக்குரியவர்களைச் சுட்ட ‘புள்ளிங்கோ’ என்ற சொல் இருக்கிறது. அது யாரைக் குறிக்கிறது, எந்தக் குடியிருப்பைக் குறிக்கிறது என்பது சென்னைவாசி எவருக்கும் தெரியும். ஒழுங்கின் பெயரால் இதை ஆதரிக்கும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் நன்மைக்காகவே சொல்கிறோம் என்பார்கள். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்தவுடன் வைத்துக்கொள்ளும் பக்கவெட்டு எந்த நன்மையைக் கெடுத்தது என்று கேட்டால் விடை இராது.

கத்தரியைப் பிடிக்கும் கையையும் இங்கு பேசியாக வேண்டும். பெங்களூருவின் நவீன அழகு நிலையங்களில் பணிபுரிவோரில் வடகிழக்கு மாநிலத்தவர் கணிசமானோர். கொரிய இசைக்குழுக்களின் வழியே இந்திய நகரங்களுக்கு அண்மையில் வந்ததாகச் சொல்லப்படும் பிடரிமுடியும் அடுக்குவெட்டும் அவர்களுடைய ஊர்களில் வெகு முன்னரே பழகியவை. அந்தப் பழக்கத்துக்காக இந்தியப் பெருநகரங்கள் அவர்களுக்குக் கொடுத்த பரிசு என்ன? 2014 ஜனவரியில் தில்லி லாஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மாணவர் நிடோ தானியாமின் சாயமிட்ட முடியையும் தோற்றத்தையும் கடைக்காரர்கள் எள்ளினர். எழுந்த தகராறில் தாக்கப்பட்ட அவர் மறுநாள் இறந்தார். அதன்பின்னரே வடகிழக்கு மக்களின் நிலையை ஆராயப் பெஸ்பருவா குழு அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர், 2012 ஆகஸ்டில், வதந்திகளுக்கு அஞ்சிப் பல்லாயிரம் வடகிழக்கு மக்கள் பெங்களூரு ரயில் நிலையத்தில் குவிந்து குவாஹாட்டிக்கு வண்டியேறினர். பின்னர் பலர் திரும்பி வந்தனர். இன்று அவர்களிடமே, பல நூறு ரூபாய் கொடுத்து, அன்று எள்ளப்பட்ட வெட்டை வெட்டிக்கொள்கிறது நகரம். இதை ‘எண்பதுகளின் மீள்வருகை’ என்று அழைப்பதற்கு அசாத்தியமான மறதி வேண்டும்.

ஆண்களின் உச்சிக்கொண்டைக்கு வேறு வகையான வழக்குரைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அது மேலைநாட்டு நாகரிகமன்று, நம் முன்னோரின் குடுமியே. காலனியம் அறுத்ததை இளைஞர்கள் மீட்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். ‘காலனிய நீக்கம்’ என்ற சொல் அகப்பட்டுவிட்டால் கட்டுரை தானே எழுதிக்கொள்ளும் போலும்.

குடுமியின் வரலாறு இவ்வளவு எளியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்நாட்டு மிஷனரிகளுக்குள்ளேயே அதைப் பற்றிப் பெரும் சச்சரவு நடந்தது. கிறித்தவத்துக்கு வந்தவர்கள் குடுமியை அறுத்தாக வேண்டும் என்று ஒரு சாரார் வற்புறுத்தினர். அது சமயக் குறியன்று, நாட்டு வழக்கம் மட்டுமே என்று வாதிட்டு எழுதினார் கால்டுவெல். அதாவது குடுமியைக் காக்க எழுதியவர்களுள் ஒரு பாதிரியாரும் இருந்தார். காலனியம் ஒரு பக்கம், குடுமி மறுபக்கம் என்று கோடு கிழிப்போர் இதை எங்கே வைப்பார்கள்? கணித மேதை இராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறுமுன் குடுமியை எடுக்க நேர்ந்தது. அது அவருக்கு வலித்தது. அந்த வலி உண்மையானது. ஆனால் அதை எல்லாருடைய வலியாகவும் பொதுமைப்படுத்துவது மோசடி. குடுமி பல சாதிகளுக்கும் இருந்தது. வைக்கும் இடமும் மழிக்கும் பரப்பும் சாதிக்குச் சாதி வேறுபட்டன. முன்குடுமியா பின்குடுமியா என்பதை வைத்தே ஆளை இனம் பிரித்தார்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்ற பழமொழி முடியைப் பற்றியா பேசுகிறது? தலையைப் பார்த்தவுடன் சாதியைச் சொல்லிவிடும் ஏற்பாட்டில்தான் அது பிறந்தது. அந்த ஏற்பாட்டைக் குலைத்ததால்தான் ‘கிராப்பு’ பலருக்கு விடுதலையாகவும் சிலருக்கு அதிர்ச்சியாகவும் இருந்தது. இன்றைய உச்சிக்கொண்டைக்கும் அந்தக் குடுமிக்கும் வடிவிலும் உறவு குறைவு. குடுமிக்கு முன்தலை மழிக்கப்பட வேண்டும். மழிக்க ஒருவர் முறைவைத்து வீட்டுக்கு வர வேண்டும். அவர் திண்ணைக்கு மேல் ஏறக்கூடாது. மீட்பவர்கள் இவற்றுள் எதை மீட்கிறார்கள்?

பெண்களின் பக்கம் இந்தத் தேர்வு இன்னும் கூர்மையானது. மொக்கின ஜடெ என்று கன்னடத்திலும் பூத்தையல் சடை என்று தமிழிலும் சொல்லப்படும் அலங்காரம் பெங்களூருத் திருமணங்களில் மீண்டும் செல்வாக்குப் பெற்றுள்ளது. பழைய படநிலையப் புகைப்படங்களில் சிறுமிகளைப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி வைத்து நிறுத்தியிருப்பார்கள். முகமும் பின்னலும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்பதற்காக. அழகான வழக்கம், அதை விரும்புவதில் குற்றமொன்றுமில்லை. ஆனால் அதே காலத்தின், அதே வீடுகளின் இன்னொரு சிகை எந்த மீட்புப் பட்டியலிலும் இல்லை: கைம்பெண்ணின் மழித்த தலை. உயர்சாதி வீடுகளில் அதுவும் ஒரு தலையலங்கார விதிதான், மீறினால் தண்டனை உள்ள விதி. 1890இல் பம்பாய் நாவிதர்கள் கூடி, கைம்பெண்களின் தலையை இனி மழிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். சீர்திருத்தத் தலைவர்களின் பெயர்கள் பாடநூலில் உள்ளன. கத்தியைக் கீழே வைத்த அந்த நாவிதர்களின் செயலுக்கு அங்கே ஒரு வரி கிடைப்பது அரிது.

இன்னொன்றும் உண்டு. பெண்களின் ‘ரெட்ரோ’ எப்போதும் நீண்ட கூந்தலாகவே இருக்கிறது. பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக் கிராப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரியார் சுயமரியாதை மேடைகளில் வலியுறுத்தினார். பெங்களூருக் கண்டோன்மென்டில் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் குட்டை முடியோடு தட்டச்சராகவும் தொலைபேசி இயக்குநராகவும் வேலைக்குச் சென்றார்கள். அவர்களைப் பற்றி ஊர் பேசியது நல்லதாக இருக்கவில்லை. இவையும் கடந்த காலமே. சர்ச் ஸ்ட்ரீட் உணவகங்களின் சுவர்களில் ‘பழைய பெங்களூரு’ என்று மாட்டிய படங்களில்கூட இவர்கள் அலங்காரமாகத்தான் இருக்கிறார்கள். மரபு என்று எவரும் இவர்களைச் சொல்வதில்லை. எனவே மீள்வது கடந்த காலமன்று, அதிலிருந்து திருமண மண்டபத்துக்கு ஒத்துவரும் பகுதி மட்டுமே.

பின்னலை நீட்டுவதற்கு வேறொரு தலையின் முடி வேண்டும். முன்பு சவுரி என்றார்கள், இன்று ‘எக்ஸ்டென்ஷன்’ என்கிறார்கள். அந்த முடி எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கர்நாடகத்திலேயே விடை இருக்கிறது. கொப்பள் நகரை ஒட்டிய பாக்யநகர், சீப்பில் உதிர்ந்த சிக்குமுடியைச் சேகரித்து, சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்து ஏற்றுமதிக்கு அனுப்பும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. பாத்திரத்துக்கும் சில்லறைப் பொருளுக்கும் தெருத்தெருவாக முடி வாங்கும் வியாபாரிகளில் தொடங்கி, நாள் முழுக்கக் குனிந்து சிக்கெடுக்கும் பெண்களின் விரல்கள் வழியாக அது உலகச் சந்தைக்குப் போகிறது. எம்மா டார்லோ 2016இல் மனித முடி வணிகத்தைப் பற்றி எழுதிய நூல் இத்தகைய வலைப்பின்னலைப் பின்தொடர்ந்தது. பெங்களூருவின் நாகரிக ஆய்வாளர்களுக்குக் கொப்பள் லண்டனைவிடத் தொலைவு போலிருக்கிறது.

அந்தக் கொப்பள் மாவட்டத்தில்தான், 2024 ஆகஸ்டில், எலபுர்கா வட்டம் சங்கனாள் கிராமத்தில், முடிவெட்ட மறுத்ததையொட்டி எழுந்த தகராறில் தலித் இளைஞர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். உலகத்துக்கே முடி அனுப்பும் மாவட்டத்தில் ஒருவருக்கு முடிவெட்டிக்கொள்ள உரிமை இல்லை.

இதை முடிதிருத்துவோரின் தனிக் கொடுமையாக மட்டும் முடித்துவிடுவதும் வசதியான பொய். மைசூரு மாவட்டம் நஞ்சன்கூடு வட்டத்தின் ஹல்லரே கிராமத்தில், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு முடிவெட்டியதற்காகத் தமக்கு 50,000 ரூபாய் அபராதம் விதித்து ஊர்விலக்கும் செய்துவிட்டார்கள் என்று 2020 நவம்பரில் ஒரு முடிதிருத்துநரே முறையிட்டார். வெட்டினால் ஊர் தண்டிக்கும். வெட்டாவிட்டால் சட்டம் தண்டிக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்பவர் தம் குலத்தொழிலுக்காகத் தாமும் இழிவு சுமந்தவர். கர்நாடகத்தில் இச்சமூகத்தார் சவிதா சமாஜமாக அமைப்பு கண்டிருக்கிறார்கள். வடபகுதியில் பன்னிரண்டாம் நூற்றாண்டு வசனகாரர் ஹடபத அப்பண்ணரைத் தம் முன்னவராகப் போற்றுகிறார்கள். தமிழ்நாட்டில் மருத்துவர் என்ற பெயர் அவர்களுக்கு உரியது; மருத்துவமும் பிள்ளைப்பேறு பார்த்தலும் நாகசுரமும் அவர்கள் கைகளில் இருந்தவை. நாகரிக வணிகம் பெருத்தபோது குளிரூட்டிய அறையின் முதலாளியானவர் பெரும்பாலும் வேறு சாதியார். குலத்தொழிலின் இழிவு மட்டும் பழையவர்களிடமே தங்கிவிட்டது.

சட்டத்தை இயற்றியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29 அன்று பாகுபாட்டுத் தடைப் பிரிவின்மீது விவாதம் நடந்தபோது, ‘கடை’ என்ற சொல்லின் எல்லை எதுவரை என்று கேள்வி எழுந்தது. தேடி வருபவர் எவருக்கும் தம் சேவையை அளிக்க உரிமையாளர் ஆயத்தமாக இருக்கும் எந்த இடமும் கடையே என்ற பொருளில் அம்பேத்கர் அதை விளக்கினார். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் ‘கடை’ என்பதற்கு இலக்கணம் வகுத்தபோது சலவையகத்தையும் முடிதிருத்தகத்தையும் பெயர் சொல்லியே சேர்த்தது. ஒரு குடியரசு தன் தொடக்க ஆண்டுகளில் முடிதிருத்தகத்தின் நாற்காலியைச் சட்டநூலுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதைவிட, இந்நாட்டில் சிகையின் வரலாற்றைத் தொடங்கப் பொருத்தமான இடம் வேறெது?

தொடங்கப்படும் இடமோ வேறாக இருக்கிறது. சிகை பற்றிய மாணவர் கட்டுரைகள் எட்மண்ட் லீச்சின் 1958ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொடங்கி, அதற்கு 1969இல் ஹால்பைக் எழுதிய மறுப்பைத் தொட்டு, கதிர்காமத்துச் சடைமுடிப் பெண் துறவியரைப் பற்றிக் கணநாத் ஒபயசேகர 1981இல் எழுதிய நூலில் இளைப்பாறி, டிக் ஹெப்டிஜின் 1979ஆம் ஆண்டு நூலைத் துணைக்கு அழைத்து, இந்திராநகரில் முடிகின்றன. இவை யாவும் படிக்க வேண்டியவை. ஒபயசேகரவின் நூல் பெரும் சாதனை. ஆனால் இவ்வரிசையில் முடி என்பது பெரிதும் படிக்கப்பட வேண்டிய குறியீடாக இருக்கிறது. வெட்டப்பட வேண்டிய, வெட்ட ஒருவர் தேவைப்படும், அவர் மறுத்தால் அடுத்த ஊருக்குப் பேருந்தேற வேண்டிய பொருளாக அது இல்லை. குறியீட்டைப் படிப்பதற்கு நாற்காலியில் அமர வேண்டியதில்லை. அமர விடாதவர்களைப் பற்றிப் படிப்பதற்குத்தான் ஊருக்குப் போக வேண்டும்.

இத்தனைக்கும் ஒரு மறுப்பு ஆயத்தமாக இருக்கும்: இளைஞர்கள் ஆசைக்கு முடி வைத்துக்கொள்கிறார்கள், அதில் சாதியையும் வகுப்பையும் தேடுவது ஆய்வாளர்களின் நோய். முடி வைத்துக்கொள்வோர்மீது இங்கு வழக்கு ஏதுமில்லை. எவரும் எதையும் வைத்துக்கொள்ளலாம், அதுவே கோரிக்கையும்கூட. வழக்கு, அதற்குப் பெயர் சூட்டும் கல்விப்புலத்தின்மீது. ஒருவன் தலையில் இருக்கும்போது ஒழுக்கக்கேடாகவும் மற்றொருவன் தலையில் ஏறும்போது ஏக்கமாகவும் தோன்றும் ஒரு பொருளுக்கு ‘ரெட்ரோ’ என்று ஒற்றைப் பெயர் கொடுப்பது விளக்கம் ஆகாது, மறைப்பே ஆகும்.

வரும் கல்வியாண்டிலும் ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும். பிடரியில் முடி வளர்த்த பையன்கள் வாயிலில் நிறுத்தப்படுவார்கள். அதே மாதத்தில் எங்கோ ஒரு பல்கலைக்கழகத் துறை, சிகையும் நினைவும் பற்றிய கருத்தரங்குக்குக் கட்டுரைச் சுருக்கங்களை வரவேற்கும் அறிவிப்பை வெளியிடும். வாயிலில் நிறுத்திய ஆசிரியரும் சுருக்கம் அனுப்பக்கூடும். அவரிடம் தரவு நிறையவே இருக்கிறது.